மாப்பிள்ளைக்கு எந்த வாட்ச்

பரசுராமன் குடும்பத்தின் முக்கியமான முடிவுகள் எல்லாம் டிரெய்லர் கேபினுக்குள்தான் எடுக்கப்படும். வேறு இடத்தில் அவரைப் பிடிக்க முடியாது என்பதுதான் காரணம். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகிற டிரைவர். வண்டி ஓட்டுகிற நேரத்தைவிட வண்டியோடு நிற்கிற நேரம்தான் அதிகம். எண்ணூர் விரைவுச்சாலையில் போய் வரிசையில் நின்றால் ஒரு நாளும் ஆகும், இரண்டு நாளும் ஆகும்; அந்தச் சாலைக்குப் பெயர் வைத்தவர் அதில் வந்து பார்த்திருக்க மாட்டார். மச்சினன் சைக்கிளில் வந்து ஜன்னலுக்குக் கீழே நின்று கேட்க, மகளுக்குச் செங்கொடி என்று பெயர் வைத்தது திருவொற்றியூர் வரிசையில். மகன் வல்லரசு காமர்ஸ் படிப்பதா கம்ப்யூட்டர் படிப்பதா என்று முடிவானது எர்ணாவூர் வரிசையில். செங்கொடி காசிமேட்டுப் பையன் ஒருவனை விரும்புகிறாள் என்ற செய்தியும் அவருக்கு அப்படி ஒரு வரிசையில்தான் வந்து சேர்ந்தது. கேட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எட்டு மணி நேரம் யோசித்தார். அதற்குள் வண்டி இருபதடி நகர்ந்திருந்தது. அவர் நகரவில்லை. அவர் நகர இரண்டு வருடம் பிடித்தது.

அந்தக் காசிமேட்டுப் பையன் ரஞ்சித், இப்போது அதே கேபினில் நடு இடத்தில் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்தான் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. வலது பக்கம் ஸ்டியரிங்கோடு மாமனார் ஆகப்போகிறவர், இடது பக்கம் கதவோடு மச்சான் ஆகப்போகிறவர், இரண்டு முட்டிக்கும் நடுவே கியர். காலை பத்து மணிக்கு ஏறியபோது கதவு ஒழுங்காகத்தான் திறந்தது. பதினொரு மணிக்கு இடது பக்கம் ஒரு டிரெய்லர் வந்து ஒட்டி நின்றது. பதினொன்றரைக்கு வலது பக்கம் இன்னொன்று. இப்போது கதவைத் திறந்தால் நாலு விரல் போகும், ஆள் போகாது. ஜன்னல் வழியாக இறங்கலாம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தை வைத்துக்கொண்டு, வியாழக்கிழமை மாமனார் வண்டியிலிருந்து ஜன்னல் வழியாகக் குதித்து ஓடுகிறவனைப் பற்றி இரண்டு பேட்டையிலும் என்ன பேசுவார்கள்?

பிரச்சினை ஒரு வாட்ச். சரியாகச் சொன்னால் இரண்டு வாட்ச்.

எம்.கே.பி. நகரில் பரசுராமன் வீட்டில் வரதட்சணைப் பேச்சே கிடையாது. நகைப் பேச்சு கிடையாது. பைக் கிடையாது, பீரோ கிடையாது. புத்த விகாரில் பஞ்சசீலம் சொல்லி, மாலை மாற்றி, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டால் கல்யாணம் முடிந்தது. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் கௌரவமான ஏற்பாடு. ஒரே ஒரு விதிவிலக்கு: பெண் வீட்டார் மாப்பிள்ளை கையில் ஒரு வாட்ச் கட்டுவார்கள். அது அந்தக் குடும்பத்து வழக்கம். வேறு எதுவுமே கொடுக்காததால், கொடுக்கவேண்டிய மொத்த மரியாதையும் அந்த ஒரு வாட்ச்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மாப்பிள்ளை கடலுக்குள் இறங்குகிற டைவர் என்று தெரிந்ததும் இரண்டு பேருக்கு ஒரே யோசனை தனித்தனியாக வந்தது. டைவருக்கு டைவர் வாட்ச்.

பரசுராமனுடைய இடது கையில் இருந்தது பழையது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவருடைய மாமனார், கப்பல்காரன் ஒருவனிடம் கெஞ்சி வாங்கி, தொண்ணூற்று இரண்டில் அவர் கையில் கட்டியது. ஜப்பான் வாட்ச். கறுப்பு முகம், சுற்றிலும் எண் போட்ட ஒரு வளையம், அது இடது பக்கமாக மட்டும் 'டிக் டிக்' என்று திரும்பும். தண்ணீருக்குள் இறங்கும்போது அதைத் திருப்பி வைத்தால் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று தெரியும். பரசுராமனுக்கு நீச்சல் தெரியாது. வண்டி வரிசையில் நின்றதும் வளையத்தைத் திருப்பி வைப்பார். எத்தனை மணி நேரமாக நகரவில்லை என்று பக்கத்து வண்டிக்காரர்களுக்குச் சொல்வார். இருநூறு மீட்டர் ஆழம் தாங்கும் என்று முகத்தில் எழுதியிருந்தது. முப்பது வருடத்துக்கு மேலாக அந்த வாட்ச் போன அதிகபட்ச ஆழம், கிரீஸ் அடிக்க லாரிக்கு அடியில்.

வல்லரசுவின் மடியில் இருந்தது புதியது. அட்டைப்பெட்டியைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை. பெட்டியின் வாயில் ஒரு வட்ட ஸ்டிக்கர். அதைக் கிழிக்காத வரை ஏழு நாளுக்குள் கடையில் திருப்பிக் கொடுக்கலாம். இன்றைக்கு ஏழாவது நாள்.

"மாப்ள, நீயே சொல்லு," என்றார் பரசுராமன். "இத்த பாரு. கையில கட்டுனா பேட்டரி வேணாம், சார்ஜு வேணாம். கைய ஆட்டுனா ஓடும். நான் கீற வரைக்கும் ஓடும், எனக்கு அப்பாலயும் ஓடும்."

"நைனா, கைய ஆட்டுனாதான ஓடும்?" என்றான் வல்லரசு. "நீ க்யூவுல குந்திகினு தூங்கிட்டா நின்னுடுதே. போன வாரம் மூணு மணின்னு சொன்ன. நான் போன்ல பாத்தா ஆறு."

"அது வாட்ச்சு தப்பு இல்லடா. என் தப்பு."

"தண்ணிக்குள்ள மாப்ளைக்கு அந்தத் தப்பு ஆச்சுன்னா?"

வல்லரசு அப்பாவிடம் பேசுவதாகத்தான் பேசினான். முட்டி மட்டும் ரஞ்சித்தின் முட்டியை இடித்தது. வல்லரசுவுக்கு ஒரு கூரியர் கம்பெனி ஆபீஸில் வேலை. விடியற்காலை போனால் மத்தியானம் ஒரு மணிக்கு ஷிப்ட் முடியும்; இன்றைக்கு வாட்ச்சுக்காக லீவு போட்டிருந்தான். ஆபீஸில் ஏசி இருப்பதால் வெயிலில் வேலை செய்கிறவர்கள் எல்லோர் மேலும் அவனுக்கு ஒரு இரக்கமும் ஒரு சந்தேகமும் உண்டு.

"புதுசு இன்னா பண்ணும் தெரியுமா மச்சான்? எத்தினி ஆழத்துல கீறன்னு காட்டும். தண்ணி எத்தினி சூடுன்னு காட்டும். நேரம் ஆச்சுன்னா கைல கிர்ருங்கும். வேகமா மேல ஏறுனா திட்டும். ராத்திரி எப்டித் தூங்குனன்னு காலீல மார்க் போடும்."

"தூக்கத்துக்கு மார்க்கா?" என்றார் பரசுராமன். "எதுக்கு, பரிச்சையா எழுதப் போறாரு?"

"ரெண்டு வருசத்துல கம்பெனி புது மாடல் விட்டுடுவான், இத்த தூக்கிப் போடணும்னுதான சொல்லப் போற?"

"நான் சொல்லல. நீ சொல்ட்ட."

ரஞ்சித் முன் கண்ணாடி வழியாகப் பார்த்தான். முன்னால் ஒரு கன்டெய்னரின் பின்கதவு. அதில் ஏதோ ஒரு தேசத்து எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் அது அவனுக்கு ஏறக்குறைய படிக்க வந்துவிட்டது.

அவனுடைய சிக்கல் இந்த இரண்டு பேருக்கும் தெரியாது. அவன் டைவர் என்பது உண்மை. அது எந்த மாதிரி டைவர் என்பதைச் செங்கொடி வீட்டில் விளக்கவில்லை. அவள் சொன்னது, "கடலுக்குள்ள இறங்கி வேலை பாக்கறாரு." அதைக் கேட்ட பரசுராமன் மனதில் நீலத் தண்ணீர், கலர் மீன், அதற்கு நடுவே கண்ணாடி போட்ட மாப்பிள்ளை கையைத் திருப்பி மணி பார்க்கிற காட்சி ஒட்டிக்கொண்டுவிட்டது. ரஞ்சித் வேலை பார்ப்பது மீன்பிடித் துறைமுகத்துக்குள். விசைப்படகின் புரொப்பெல்லர் விசிறியில் வலையோ கயிறோ சுற்றிக்கொண்டால், அடியில் போய் அதை அறுத்து எடுக்கிறவன் அவன். அந்தத் தண்ணீரில் டீசல் உண்டு, மீன் கழிவு உண்டு, ஊரின் சாக்கடை உண்டு. வெளிச்சம் கிடையாது. மூஞ்சிக்கு நேரே தன் கையைக் கொண்டுவந்தாலும் தெரியாது. எல்லாம் தடவித் தடவித்தான். அங்கே வாட்ச் கட்டுவது, இருட்டறையில் காலண்டர் மாட்டுவது மாதிரி. அதோடு வலைக்குள் கைவிடுகிறவன் மோதிரம்கூடப் போடமாட்டான். போன வருடம் ஒருத்தன் செப்புக் காப்போடு இறங்கி, நைலான் இழை அதில் மாட்டி, காப்பை விட்டு வருவதா கையை விட்டு வருவதா என்று அடியில் கொஞ்ச நேரம் யோசிக்கவேண்டி வந்தது.

ஆகவே பழையதா புதியதா என்ற கேள்விக்கு ரஞ்சித்திடம் இருந்த உண்மையான பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் எதுவும் கொடுக்காத வீட்டில் கொடுக்கிற ஒரே பொருளை வேண்டாம் என்று சொல்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை பெண் கொடுப்பார்களா என்பது நிச்சயமில்லை. இரண்டு வருடம் கழித்து வந்த சம்மதம் இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. 'டேய்' என்று ஆரம்பித்த பரசுராமன் இப்போதுதான் 'மாப்ள'வுக்கு வந்திருக்கிறார். 'நீங்க' இன்னும் வரவில்லை. கோபம் வந்தால் மட்டும் அது வரும்.

போன் அதிர்ந்தது. செங்கொடி. அவள் ராயபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை செய்கிறாள். பேச முடியாது, பேசினால் இரண்டு பக்கமும் கேட்கும். அதனால் மெசேஜ்.

"முடிஞ்சுதா?"

"இல்ல. நீ சொல்லு, எது?"

"அப்பா வாட்ச்ச எடுத்தா அண்ணன் என்கூட பேசமாட்டான். அண்ணன் வாட்ச்ச எடுத்தா அப்பா பேசமாட்டாரு. நான் எதுக்கு சொல்லணும்? நீயே சொல்லு."

"ரெண்டையும்"

"ரெண்டையும் கட்டிக்கிறேன்னு சொல்லிடாத. அதத்தான் சொல்லுவன்னு தெரியும். ரெண்டு கையில ரெண்டு வாட்ச் கட்டுன ஆள நான் கட்டிக்க முடியாது."

ரஞ்சித் போனைத் திருப்பி வைத்தான். இருந்த ஒரே யோசனையும் போயிற்று.

"தங்கச்சியா?" என்றான் வல்லரசு. "இன்னா சொல்றா?"

"சாப்டீங்களான்னு."

"சாப்டலன்னு சொல்லு. உன்னால எல்லாரும் பட்டினின்னு சொல்லு."

ஒரு டீக்காரர் இரண்டு டிரெய்லருக்கும் நடுவே இருந்த சந்தில் பக்கவாட்டாக நடந்து வந்து ஜன்னலில் மூன்று டீயை நீட்டினார். பரசுராமன் வலது கையால் வாங்கினார். இடது கையைத் தூரமாக, தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டார். டீ தளும்பியபோது அந்தக் கை இன்னும் ஒரு சாண் மேலே போயிற்று. ரஞ்சித் அதைக் கவனித்தான். மழைக்காலத்தில் அப்பா ஜன்னலை ஏற்றுவதற்கு முன்னால் மணிக்கட்டில் பாலிதீன் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுவார் என்று செங்கொடி எப்போதோ சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

முந்தாநாள் அவன் கல்மண்டபத்தில் வாட்ச் ரிப்பேர் செய்கிற அத்தாவுல்லா பாயிடம் போயிருந்தான். மாமனார் வாட்ச்சின் போட்டோவைக் காட்டி, "பாய், இது தண்ணி தாங்குமா?" என்று கேட்டான். பாய் போனை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் போட்டோவையே ரிப்பேர் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"சோக்கான சாமான் தம்பி. இன்ஜின் பிரமாதம். ஆனா உள்ள ஒரு ரப்பர் வளையம் கீது, அதுதான் தண்ணிய தடுக்கும். எப்ப மாத்துனது?"

"மாத்துனதே இல்லன்னு நெனைக்கிறேன்."

"அப்ப அது இந்நேரம் ரப்பர் இல்ல, பவுடரு. தண்ணி பக்கமே இட்டுகினு போவாத. மொகம் கழுவும்போதுகூடக் கழட்டி வெச்சிடு."

"புது ரப்பர் போட்டா?"

"போடலாம். போட்டுட்டு, இனிமே தண்ணி வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். மனுசனுக்கே பண்றதில்ல."

இது தெரிந்துதான் ரஞ்சித் காலையிலிருந்து வாயைத் திறக்காமல் இருந்தான். ஒரு மணி ஆயிற்று. வண்டி எட்டடி நகர்ந்தது. பக்கத்து இரண்டு டிரெய்லர்களும் கூடவே எட்டடி நகர்ந்தன, அவனை வழியனுப்ப வந்தவர்கள் மாதிரி. வல்லரசு மணி பார்த்தான்.

"மச்சான், ஆறு மணிக்குள்ள நான் கடைக்குப் போவணும். இல்லன்னா இத்த திருப்பி எடுக்க மாட்டான். டபாய்க்காம சொல்லு."

வெயில், பட்டினி, இரண்டு பக்கத்து முட்டி. ரஞ்சித் தப்பிப்பதற்காக ஒரு வார்த்தை சொன்னான். அதுதான் அவன் செய்த தப்பு.

"ரெண்டையும் ஒரு தபா தண்ணில போட்டுப் பாத்துட்டு..."

அப்புறம், அடுத்த வாரம், கல்யாணத்துக்குப் பிறகு என்று முடிக்க நினைத்திருந்தான். வல்லரசு முடிக்கவிடவில்லை.

"அதான் கரீட்டு! தண்ணி வாட்ச்சுக்குத் தண்ணிலதான் பரிச்ச." அவன் சீட்டுக்குப் பின்னால் கையை விட்டான். அங்கே பரசுராமன் படுக்கிற பலகையில், முகம் கழுவ வைத்திருந்த மூடி போட்ட பக்கெட் இருந்தது. அதை இழுத்து ரஞ்சித்தின் மடியில் வைத்து மூடியைத் திறந்தான். "நைனா, கழட்டு."

"உன்னுத மொதல்ல போடு."

"என்னுத ஸ்டிக்கர் கிழிக்கக்கூடாது. கிழிச்சா ரிட்டன் கெடையாது. அதுவும் இல்லாம புதுசுக்கு எதுக்கு பரிச்ச, கம்பெனியே பாத்துதான் அனுப்பறான். பழசுக்குத்தான சந்தேகம்?"

"இருநூறு மீட்டருன்னு எழுதிக்கீது."

"பக்கெட்டு ஒரு அடிதான் நைனா."

பரசுராமன் பக்கெட்டைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். மெதுவாக ரஞ்சித் பக்கம் திரும்பினார்.

"போடுறதா மாப்ள? நீங்க சொல்லுங்க."

நீங்க.

அவர் வாட்ச்சைக் கழற்ற ஆரம்பித்தார். வார் கழன்ற இடத்தில் மணிக்கட்டு வெள்ளையாக இருந்தது. தண்ணீர் படாதபடி வாட்ச்சை உயரமாகப் பிடித்துக்கொண்டார். அந்த வாட்ச் தண்ணீர் தாங்காது என்று அவருக்கும் தெரியும். எத்தனையோ வருடமாகத் தெரியும் என்பது ரஞ்சித்துக்கு அந்த நேரத்தில் புரிந்தது. முப்பது வருடம் பாலிதீனில் காப்பாற்றியதை மகனுக்கு முன்னால், மாப்பிள்ளை மடியில், ஒரு பக்கெட்டில் மூழ்கடிக்கப் போகிறார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் கொடுக்கிற மரியாதை அங்கேயே முடிந்துவிடும்.

தடுக்க இரண்டு வழிதான். உங்கள் வாட்ச் ஓட்டை என்று சொல்வது ஒன்று. இன்னொன்று, தன் கதையைச் சொல்வது. ரஞ்சித் பக்கெட்டின் வாயில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து மூடினான்.

"மாமா, வேணாம். நான் தண்ணிக்குள்ள வாட்ச்சே கட்டறதில்ல."

"இன்னாது?" என்றார்கள் இரண்டு பேரும். காலையிலிருந்து அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"கட்டுனாலும் தெரியாது மாமா. எங்க தண்ணி கறுப்பு. கண்ணத் தொறந்தாலும் ஒண்ணுதான், மூடுனாலும் ஒண்ணுதான். கலீஜ் தண்ணி. விசிறில சுத்துன வலைய தடவிப் பாத்துதான் அறுப்பேன். கைல எதுனா கட்டிகினு போனா வலையில மாட்டும். மாட்டுனா வர முடியாது. மோதிரம்கூட இல்ல பாரு." அவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். பக்கெட் தண்ணீர் விரலில் சொட்டியது. "நான் சொல்லாம வுட்டது தப்பு. செங்கொடிய கோச்சிக்காதீங்க."

கலர் மீன்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பரசுராமன் முகத்தைவிட்டு வெளியே போவது தெரிந்தது.

"அப்ப நேரம் எப்டித் தெரியும்?" என்று கேட்டார்.

"மேல படகுல ஒரு ஆளு இருப்பாரு மாமா. காத்து ஹோஸ் வழியா வரும். இடுப்புல ஒரு கயிறு. கயித்தோட அந்தப் பக்கம் அவரு கையில. ஒரு இழுப்பு இஸ்தாருன்னா இன்னொரு பத்து நிமிசம் ஆச்சுன்னு அர்த்தம். ரெண்டு இஸ்தா ஏறணும். நான் கீழேருந்து ரெண்டு இஸ்தா அவரு என்னைத் தூக்கணும்."

"யாரு அந்த ஆளு?"

"பாலகணேஷு. தோஸ்து."

"அவன் எதப் பாத்து நேரம் சொல்றான்?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு உண்மையைச் சொன்னவனுக்கு அடுத்த உண்மைக்குக் கதவு திறந்தேதான் இருக்கும். வண்டிக் கதவுதான் திறக்காது.

"செல்லப் பாப்பான். சார்ஜு இல்லன்னா... ஒரு குத்துமதிப்பா."

பரசுராமன் வாட்ச்சை மறுபடியும் கட்டிக்கொண்டார். வாரை வழக்கத்தைவிட ஒரு ஓட்டை இறுக்கமாக மாட்டினார். முன் கண்ணாடியைப் பார்த்துப் பேசினார்.

"நான் இன்னாமோ நெனச்சிகினேன். பொண்ண ஒரு கயித்துல கட்டி, குத்துமதிப்பா ஒருத்தன் கையில குடுக்கறேன்னு எனக்குத் தெரியாது. அவ அம்மா தாயம்மாக்கும் தெரியாது. இது தெரிஞ்சிருந்தா..." வாட்ச் வளையத்தை ஒரு 'டிக்' திருப்பினார். "ஞாயித்துக்கெழம இருக்கட்டும் மாப்ள. இன்னொரு வாட்டி பேசணும். அவசரம் இன்னா?"

இரண்டு வருடம். ரஞ்சித்துக்கு அடியில் வலை கைமேல் விழுகிற மாதிரி இருந்தது. அப்படி விழுந்தால் உதறக்கூடாது, உதற உதற இறுகும் என்பது தொழிலில் முதல் பாடம். அவன் உதறினான்.

"மாமா, பாலகணேஷு கல்யாணம் வரைக்கும்தான்! எங்காளுங்கள்ல கயிறு எப்பவும் மச்சான் கையிலதான். எங்கப்பாக்கு எங்க மாமா புடிச்சாரு. தாத்தாக்கு அவரு மச்சான். சங்கு குளிக்கப் போன காலத்துலேந்து அப்டித்தான். தோஸ்து தூங்குவான், அண்ணன் தம்பி சொத்துக்கு ஆசப்படுவான். பொண்டாட்டியோட கூடப் பொறந்தவன் மட்டும் வுட மாட்டான். வுட்டா தங்கச்சி அவன் வூட்டு வாசல்லதான வந்து நிப்பா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. இதை அவன் செங்கொடியிடம்கூடச் சொன்னதில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் பாலகணேஷை வைத்தே ஓட்டிவிடலாம் என்று இருந்தான். காரணம் இடது பக்கம் உட்கார்ந்திருந்தது. மீன் மார்க்கெட்டைத் தாண்டும்போது கர்ச்சீப்பால் மூக்கை மூடுகிற ஆள். மெரினாவில் அலை காலைத் தொட்டால் ஷூவுக்காகப் பின்னால் ஓடுகிற ஆள்.

பரசுராமன் மகனைப் பார்த்தார். ரஞ்சித்தும் பார்த்தான்.

"இன்னா?" என்றான் வல்லரசு. "ரெண்டு பேரும் இன்னாத்துக்கு என்னைப் பாக்குறீங்க? எனக்கு ஆபீஸ் கீது."

"ஒரு மணிக்கு முடிஞ்சுடுது," என்றார் பரசுராமன். "மாப்ள, படகு வேலை எப்ப இருக்கும்?"

"போட்டெல்லாம் மீன் எறக்குன பிறகு மாமா. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல."

"நைனா, எனக்கு நீச்சலே தெரியாது!"

"கயிறு புடிக்க எதுக்குடா நீச்சல்? எனக்கும்தான் தெரியாது."

"அப்ப நீ புடி."

"நான் மச்சானா?"

வல்லரசு கதவுப் பிடியைத் திருகினான். கதவு நாலு விரல் திறந்து பக்கத்து டிரெய்லரில் 'டங்' என்று இடித்தது. மூடினான். மறுபடி திறந்தான். மறுபடி 'டங்'. பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா தலிவா, தட்டுனா தொறக்க இது வூடா?" என்றார். வல்லரசு கதவை விட்டுவிட்டான். கொஞ்ச நேரம் மடியில் இருந்த பெட்டியையே பார்த்தான். பேசினால் அவன் முடியாது என்று சொல்லிவிடுவான் என்று ரஞ்சித்துக்கும் பயம், பரசுராமனுக்கும் பயம்.

"குத்துமதிப்புன்னா எவ்ளோ?" என்றான் கடைசியில்.

"ஆங்?"

"அந்த பாலகணேஷு. பத்து நிமிசம்னா பத்தா, பன்னண்டா, பதினஞ்சா?"

"ஒரு தபா இருவது ஆயிடுச்சி," என்றான் ரஞ்சித். "யாரோ டீ குடுத்தாங்களாம், வாங்கிகினு இருந்தான்."

"டீயா?" வல்லரசுவின் குரல் ஏறியது. காலையிலிருந்து அப்பாவோடு போட்ட சண்டையில்கூட அவ்வளவு ஏறவில்லை. "எந்தங்கச்சி கட்டிக்கப் போறவனத் தண்ணில வுட்டுட்டு டீ குடிச்சிகினு கீறானா? இன்னா மனுசன் அவன்? ஒரு அலாரம் வெக்கத் தெரியாது? போன்லயே கீதே அலாரம்!"

அவன் கட்டை விரல் நகத்தை ஸ்டிக்கரின் ஓரத்தில் கொடுத்தான்.

"டேய், கிழிச்சா ரிட்டன் எடுக்க மாட்டான்," என்றார் பரசுராமன்.

"தெரியும் நைனா. நான்தான சொன்னேன்."

கிழித்தான். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பஞ்சு, அதற்குள் வாட்ச். தன் கையில் கட்டிக்கொண்டு பட்டனை அழுத்தினான். அது ஒளிர்ந்து, அவன் பெயரையும் வயதையும் எடையையும் கேட்டது. எடையைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னான்.

"ஒரு தபா எறங்குனா எத்தினி நிமிசம்?"

"நாப்பது."

"முப்பத்தஞ்சு. முப்பத்தஞ்சுல தூக்கிடுவேன். வேலை முடியலன்னா மறுக்கா எறங்கு."

"மச்சான், லேட்டானா படகுக்காரன் கூலிய கொறப்பான்..."

"முப்பத்தஞ்சு."

பரசுராமன் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் குரல் மாறியிருந்தது.

"அப்ப மாப்ள, கரைல கீறப்போ கட்டிக்கலாமா? இத்த? தண்ணிக்குள்ள வேணாம். மேட்டுல நிக்கிறப்போ, கல்யாணம் காட்சின்னு போவறப்போ."

"கரைல மட்டும்தான் மாமா கட்டுவேன். தண்ணி பக்கமே கொண்டு போவ மாட்டேன்."

"போவாத," என்றார் அவர் உடனே. "நல்ல வாட்ச்சு. தண்ணில போட்டு வீணாக்கக்கூடாது."

அதற்குப் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப்போடுவது பற்றிப் பேசவில்லை. தாயம்மாவுக்குப் போன் போட்டு, சாம்பாரில் கத்தரிக்காய் போடவேண்டாம், மாப்பிள்ளை வீட்டுக்காரர்களில் பாதிப்பேருக்குப் பிடிக்காது என்று சொன்னார். ரஞ்சித் செங்கொடிக்கு, "உங்கப்பா வாட்ச் எனக்கு. உங்கண்ணன் வாட்ச் உங்கண்ணனுக்கு," என்று அனுப்பினான். "அண்ணன் எப்படி ஒத்துக்கிட்டான்?" என்று வந்தது. அதற்குப் பதில் எழுத ஆரம்பித்து, நீளமாகப் போகிறது என்று விட்டுவிட்டான்.

இடது பக்கத்து டிரெய்லர் புகை விட்டு, உறுமி, மெதுவாக முன்னால் போயிற்று. வெளிச்சமும் காற்றும் உள்ளே வந்தன. வல்லரசு இறங்கலாம். நாலரைதான் ஆகியிருந்தது. ஆனால் அவனுக்குக் கடையில் இனி வேலையில்லை. அவன் ரஞ்சித் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தான்.

"கயிறு இன்னா மொத்தம்?"

"கட்டவெரல் மொத்தம்."

"புதுசா, பழசா?"

"அது... கொஞ்சம் பழசு."

"புதுசு வாங்கு. ஹோஸு?"

"ஹோஸு நல்லா கீது மச்சான்."

"நான் வந்து பாக்கறேன். மாஸ்க்கு ஒண்ணு குடுத்துடு, அந்த நாத்தம் எனக்கு ஆவாது. அப்பால இன்னொண்ணு." அவன் வாட்ச்சில் எதையோ அழுத்தினான், அது 'கிர்' என்று ஒருமுறை அதிர்ந்து நின்றது. "எங்க செங்கொடி உன்னால ஒரு நாளு அழுதுகினு எனக்குப் போன் பண்ணான்னு வையி. மறுநாள் நான் லீவு."

ரஞ்சித் ஒரு கணம் கணக்குப் போட்டான். கயிறு பிடிக்க ஆள் இல்லை என்றால் இறங்க முடியாது. இறங்க முடியாவிட்டால் வேலை இல்லை.

"பாலகணேஷ வெச்சி எறங்கிக்கலாம்னு நெனைக்காத," என்றான் வல்லரசு. "அவன் நம்பரு குடு. நான் இப்பவே பேசிடறேன்."

ரஞ்சித் நம்பரைச் சொன்னான்.